அக்கா கேட்டது மல்லாட்டை

நான் முறுக்கிக்கொண்டு நின்ற நாளிலும் என்மேல் கோபம் வைக்காத என் அக்காவுக்கு,

உன் கருமாதி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. மீதி எழுத்தைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் படித்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். தப்பு யாருடையது என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

பக்கவாதம் வந்து உனக்குக் கையும் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டபோது, உன் மகன் ஏழுமலை உன்னைச் செஞ்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. ஒரு மாடி வீடு, எட்டுக் கட்டில், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். இருவரும் வெளியூர்.

"நானும் அவளும் வேலைக்குப் போயிடறோம் மாமா. கீழ வுழுந்தா யாரு தூக்கறது? நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு" என்றான்.

"பெத்தவள ஆஸ்டல்ல சேத்துட்டு என்னாண்ட வந்து நியாயம் கேக்கறியா? அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்டா" என்றேன்.

சொன்னபடி மிதிக்கவில்லை. நாலு மாதம். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் எவ்வளவு தூரம்? கடைசியில் நான் உன்னைப் பார்த்தது, உயிர் போனபின் வண்டியிலிருந்து உன்னை வீட்டில் இறக்கியபோதுதான். நடுவில் என்னைத் தேடினாயா அக்கா?

பதினாறாம் நாள் படையலில் உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். களி, கருவாட்டுக் குழம்பு, ஒரு முறம் நிறைய வேகவைத்த மல்லாட்டை. இல்லத்தில் உன்னைப் பார்த்துக்கொண்ட செல்லக்கனி வந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். உன் படத்தின் முன் நின்று அழுதவள், முறத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கடலை பிடிக்குமா?"

"மல்லாட்டைனா உயிராச்சே அவுங்களுக்கு" என்றாள் உன் மருமகள்.

"என்னது, மல்லா...?"

"மல்லாட்டை. நீங்க கடலைன்றீங்களே, அதான்."

செல்லக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா தெனமும் அதத்தான கேட்டிருக்காவ" என்றாள். "வாயி கோணுனதுல 'மல்லா, மல்லா'ன்னுதான் எனக்குக் கேக்கும். மல்லாக்கப் போடச் சொல்லுதாவன்னு நெனச்சு, ஒவ்வொரு தடவயும் அவியள மல்லாக்கத் திருப்பிப் போட்டேன் அய்யா."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். நான் முறைத்ததும் அடங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் ஒருக்களித்திருந்தால் உனக்குக் கோட்டை மலையாவது தெரிந்திருக்கும். மல்லாட்டை கேட்டதற்கு உனக்குக் கிடைத்தது தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி.

"ஊர்ப் பேச்சு தெரியாம நீ இன்னாத்துக்கும்மா இந்த வேலைக்கு வந்த?" என்று கத்தினேன்.

"தெரியலைய்யா. தெரிஞ்சவிய யாராவது பக்கத்துல இருந்திருந்தா சொல்லியிருப்பாவ" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஞாயிறுதோறும் வந்த ஏழுமலையைக் கண்டால் நீ அழுவாயாம், பேசமாட்டாயாம். உன் அறையில் இருந்த அம்மாளுக்குக் காது கேட்காது. ஒரே ஒரு நாள் நான் வந்திருந்தால் போதும். அறுவடையில் கூலிக்கு மல்லாட்டை ஆயப் போய், ஒரு கை எனக்கென்று மடியில் கட்டி வந்தவள் நீ. வாய் எவ்வளவு கோணினாலும் உன் பேச்சு எனக்குப் புரியாதா?

போகும்போது செல்லக்கனி இன்னொன்று சொன்னாள். "மல்லாக்கப் போட்டதும் அம்மா சிரிப்பாவ. அதான் சரியாச் செஞ்சிட்டேன்னு நெனச்சேன்."

எதற்குச் சிரித்தாய்? அவள் பேதைமைக்கா? கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று வாழ்க்கை முழுதும் பார்த்துவிட்டதாலா? இதைத்தான் தினமும் யோசிக்கிறேன்.

மறுநாள் அந்த வாசப்படியை மிதித்தேன். சண்டைக்குத்தான். இல்லத்தை நடத்துகிற அம்மாள் ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். "சுகர், பிரஷர், மாத்திரை, எல்லாம் எழுதியிருக்கோம் ஐயா."

"பேச்சு எங்கம்மா எழுதியிருக்குது? தண்ணிய இன்னான்னு கேப்பாங்க, வலிச்சா இன்னா சொல்லுவாங்க, அது எங்க?"

"அதெல்லாம் எப்படி ஐயா எழுதறது?"

"நான் எழுதறேன். செவுத்துல ஒட்ட வுடுவீங்களா, மாட்டீங்களா?"

புதுசாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றார். அப்படியானால் கட்டிலில் கட்டித் தொங்கவிடுகிறேன் என்றேன். மூன்று நாள் விடாமல் போய் உட்கார்ந்தேன். நாலாம் நாள் அவரே ஒரு கட்டுத் தாளும் நூல்கண்டும் எடுத்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து அவரவர் பேச்சைக் கேட்டு எழுதினேன். வீட்டாரிடமும் கேட்டேன். ஏழு தாள் முடிந்தது. வல்லத்துப் பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் தேடுவது என்றோ செத்துப்போன தன் அப்பாவை. செல்லக்கனி அதை அவர் மகன் பேர் என்று நினைத்திருக்கிறாள். "நைனா ஞாயித்துக்கெழம வருவாவ தாத்தா, தூங்குங்க" என்கிறாள். அவரும் சரி என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

அவர் தாளில் அந்தச் சொல்லை மட்டும் நான் எழுதவில்லை. தப்பைத் திருத்தப் போனவன் ஒரு தப்பை அப்படியே விட்டுவிட்டேன். நான் செய்தது சரிதானா? நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

உன் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதிலும் ஒரு தாள் கட்டியிருக்கிறேன், ஒரே ஒரு சொல்லோடு. அடுத்து வருகிறவருக்கு அது வேண்டியிருக்காது, எடுத்துவிடலாம் என்றார் அந்த அம்மாள். எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏழுமலையோடு நான் இன்னும் பேசவில்லை. அவன் முதலில் பேசட்டும், பிறகு பார்க்கலாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அடுத்த அறுவடையில் முதல் மல்லாட்டையை வேகவைத்து அங்கே கொண்டுபோவேன். மெல்ல முடியாதவர்களுக்கு மைய இடித்து வெல்லம் சேர்த்துத் தருவேன். செல்லக்கனிதான் ஊட்டவேண்டும். கடலை என்று சொன்னாளானால் பாத்திரத்தோடு திரும்பிவிடுவேன். என் கால் சைக்கிள் மிதிக்கிறவரை, அந்த வீட்டில் யார் என்ன கேட்டாலும் அது என்னவென்று சொல்ல ஓர் ஆள் இருப்பான்.

இப்படிக்கு,
வாசப்படியைத் தாமதமாக மிதித்த
உன் தம்பி