ஆறிப்போன ரசமும் ஓர் ஆமெனும்

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்தில் நம் பழைய வீடுதான். அக்காவும் அவனோடுதான் இருக்கிறாள். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஜெபத்துக்குப் பாயை விரித்தார்கள். மூடியின் இடுக்கிலிருந்து ரச வாசனை வந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நல்ல ரசம்தான், அக்கா வைத்தது. குமட்டல் உங்களால் வந்தது.

எண்பதுகளில் நம் வீட்டில் சூடான ரசத்தை யார் கண்டார்கள்? நீங்கள் மில்லிலிருந்து வந்து, பாட்டும் வேத வாசிப்பும் முடித்து ஜெபத்தைத் தொடங்கினால் சோறு விறைத்துப்போகும். அதுகூடப் பரவாயில்லை. எங்களைப் பற்றி எங்களை வைத்துக்கொண்டே ஆண்டவரிடம் கோள் சொல்வீர்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியாது. "ஆண்டவரே, சோம்பேறித்தனமா இருக்கிற உம்முடைய அடியாளை மன்னியும்" என்பீர்கள். அடியாள் என்றால் அம்மா. காலையிலிருந்து நிற்க நேரமில்லாமல் ஓடியவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஜெபத்துல குறுக்க பேசப்படாது" என்பது உங்கள் சட்டம். கடைசியில் எல்லோரும் ஆமென் சொன்னால்தான் ஜெபம் முடியும். தன்னைத் திட்டியதற்குத் தானே ஆமென்! ச்சீ, என்ன பிழைப்பு அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும்தான். முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா, "அப்ப ஒரு சின்ன ஜெபம் பண்ணி முடிச்சிருவமா?" என்றார்கள். கெட்டது கதை. நீங்கள் எழுந்து நின்றீர்கள். "ஆண்டவரே, டைப்ரைட்டிங் கிளாஸ்ல கண்ட பையனோட சிரிச்சுப் பேசின பாவத்தை உம்ம பிள்ளைக்கு மன்னியும்" என்றீர்கள். பரீட்சை எப்போது என்று அவனிடம் கேட்டிருந்தாள், அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்தேன். வந்தவர்களும் திறந்திருந்தார்கள். அக்கா மட்டும் இறுக மூடியிருந்தாள். நீங்கள் முடித்ததும், பழக்கதோஷம், அவளும் "ஆமென்" என்றாள்.

"பொறவு சொல்லி அனுப்புதோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான்.

"எம் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியளே!" என்று அம்மா அழுதாள்.

"கர்த்தர்கிட்ட மறைக்கச் சொல்லுதியாட்டி?" என்றபடி, அவர்கள் தொடாமல் வைத்துப்போன மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டீர்கள். நீங்கள் அதை மென்ற சத்தத்தை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. அக்கா அதன்பின் எந்த வரனுக்கும் சம்மதிக்கவில்லை. ஜெபப் பாயிலும் உட்காரவில்லை. ஜெப நேரத்தில் அடுக்களைக்குள் போய்விடுவாள். உங்களை அடக்கம் பண்ணிய அன்றும் அங்கேதான் இருந்தாள்.

தம்பிக்கு அப்படியே உங்கள் குரல். ஞாயிற்றுக்கிழமையும் அதே இழுப்போடு, "ஆண்டவரே, இந்த வீட்ல எந்நேரமும் போனும் கையுமா ஒருத்தி..." என்று ஆரம்பித்தான். காலேஜில் படிக்கிற அவன் மகள் தலையைக் குனிந்தாள். நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் குறுக்கே பேசக்கூடாதே. அதனால் "ஆமென்!" என்றேன், உரக்க.

பழக்கம் யாரை விட்டது? பாயில் இருந்த அத்தனை பேரும் "ஆமென்" என்றார்கள். தம்பியும் சொல்லிவிட்டு முழித்தான். அடுக்களையிலிருந்து அக்காவின் ஆமெனும் கேட்டது.

உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். அக்கா வந்து மூடியை எடுத்து ரசம் ஊற்றினாள். சூடாக இருந்தது.