தோளில் ஏறிய காற்று

மதினி,

கல் உப்பை வாணலியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, மருமகள் என் வலது தோளில் ஒத்தடம் வைக்கிறாள். சூடேறிய துணியின் அந்த வாசனை மூக்கில் பட்டதும் நான் கொடைக்கானலில் இல்லை. மலைக்குள்ளே இருக்கும் நம் போளூரில், உங்கள் அடுப்படி நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் உங்கள் தோளில் நீங்களே ஒத்தடம் வைத்துக்கொள்கிறீர்கள்.

சங்கதி இதுதான். முந்தாநாள் திண்டுக்கல்லில் எனக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த கற்களைக் கொண்டு ஏரியைச் சுற்றி மதில் எழுப்பலாம். டாக்டர் மூன்று என்றார். அவ்வளவு படித்தவருக்கு எண்ணத் தெரியவில்லை. வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, நாலு பிளாஸ்திரி. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு. தோள்தான் கழன்று விழுகிறது. எந்த மடையன் தோளில் கை வைத்தான் என்று ஆஸ்பத்திரியில் நான் போட்ட சத்தத்தில் சிறுமலையில் குரங்குகள் இடம் மாறின. நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வயித்துக்குள்ள காத்து அடைச்சாத்தான் குழாய் வழியா உள்ளே பார்க்க முடியும், ஐயா. மிச்சக் காத்து மேலே ஏறி நெஞ்சுக்குக் கீழே இருக்கிற தசையை உறுத்தும். அந்த நரம்பும் தோள் நரம்பும் கூட்டாளிங்க. அதான் தோள் வலிக்குது."

அப்போது நான் வாயை மூடினேன், மதினி. எனக்கு அது எவ்வளவு அரிய காரியம் என்பது உங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். மூன்றாவது பிள்ளையோடு போதும் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். அண்ணனுக்குக் கத்தி என்றாலே கால் நடுங்கும். பக்கத்து வீட்டுச் சரசக்கா அதே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைப் பழைய முறையில் செய்து, சாண் நீளத் தழும்போடு வந்திருந்தாள். பதினைந்து நாள் படுக்கை. அவளுக்காக அடித்த சேவல்களால் போளூரில் கூவ ஆளில்லாமல் பொழுது விடிவதே நின்றுபோயிருந்தது. டவுனில் புதிதாக வந்திருக்கும் குழாய் ஆபரேஷனைப் பற்றி அண்ணனுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் டவுன் ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தவன். குட்மார்னிங், தேங்க்யூ என்ற இரண்டு இங்கிலீஷையும் கரைத்துக் குடித்தவன்.

"கத்தியே கிடையாதுண்ணே. கடுகு மாதிரி ஓட்டை. குழாயில ஒரு லைட்டு. அதுல கண்ணை வச்சா அடுக்கம் தாண்டிப் பெரியகுளம் வரைக்கும் தெரியும். முடிச்சுட்டு மதினி நடந்தே போளூர் வந்துரலாம்."

அண்ணன் சம்மதித்தார். நான் ஜெயித்தேன். என் நாக்கு ஜெயிக்கிறபோதெல்லாம் யாராவது ஒருவர் அதற்குச் சுமை தூக்க வேண்டியிருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த புருஷன்மார்களுக்கு நான் அதே குழாயை இன்னும் நீட்டி, கன்னியாகுமரி வரை காட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அன்றைய நர்ஸம்மா வந்தார். இரண்டு விரலை நீட்டினார். ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது என்பது ஒன்று. இரண்டாவதை அவர் சொல்லும்போது என் குழாய் நாகர்கோவிலில் நின்றிருந்தது. கதையை அங்கே விட மனமில்லை. "ஓகே சிஸ்டர், தேங்க்யூ" என்றேன். அந்த இரண்டாவது விரல் தோளைப் பற்றித்தான் சொல்லியிருக்கும் என்பது எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் விரலை மறக்காமல் ஒப்பித்தேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, கடுகு ஓட்டைன்னு நீதான சொன்ன? கடுகுக்கு ஒரு வாரமா?"

நம் பக்கத்து நியாயம் அப்படி. தழும்பைச் சாணால் அளந்து ஓய்வு கொடுக்கிற ஊர். சரசக்காவுக்கு ஒரு சாண், பதினைந்து நாள். உங்களுக்குக் காட்டத் தழும்பே இல்லை. ஒரே ஒரு அவித்த முட்டையோடு கணக்குத் தீர்ந்தது. அதற்கு மேல் நீங்கள் தோள் வலிக்கிறது என்று வேறு சொல்லிவிட்டீர்கள்! எனக்கு அல்வா கிடைத்த மாதிரி. "வயித்துல ஆபரேஷன், தோள்ல வலி. நாளைக்குத் தலைவலின்னா பாதத்துக்குத் தைலம் தேய்க்கணுமோ?" என்றேன். வீடே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

"தம்பி, எலி வளை வாசல் எம்புட்டு? ஒரு கெழங்கு அளவு. உள்ள தோண்டிப் பாரு, தோட்டம் பூரா அதுக்கு வீடு" என்றீர்கள்.

அதற்கும் சிரித்தோம்.

நாலாம் நாள் கிழங்கு அறுவடை. லாரி வருவதற்குள் மூட்டைகள் ரோட்டுக்கு ஏற வேண்டும். வெள்ளனே எழுந்து நீங்களும் வந்தீர்கள். வலித்த தோளை விட்டு மறு தோளில் மூட்டையை ஏற்றி, மூன்று அடுக்குப் பாத்தி ஏறினீர்கள். நாலாவதில் மூட்டையை மெதுவாக இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தீர்கள். "வெரசா வா" என்று மேலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். கொசுவத்தை லேசாக விலக்கிப் பார்த்தீர்கள். தையல் விட்டு ரத்தம் சேலையில் பரவியிருந்தது. அண்ணன் மேலிருந்து இறங்கி வந்த வேகத்தை நான் மிகைப்படுத்தத் தேவையில்லை. உங்களை முதுகில் சுமந்துகொண்டு ஜீப்புக்கு ஓடினார். மறுபடி தைத்தார்கள், காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆனது. பிழைத்தீர்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்த்துத்தான் போனீர்கள். ரத்தத்தை எல்லோரும் நம்பினார்கள். தோளை மட்டும் கடைசிவரை யாரும் நம்பவில்லை.

அதற்குக் காரணம் நான். எந்த விசேஷ வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது நான் எடுத்துவிடும் முதல் கதை மதினியின் தோள் கதைதான். ஒருமுறை நீங்கள் இலை எடுத்துக்கொண்டே, "அது காத்துனால வர்றதாம், நர்ஸம்மாகிட்டக் கேட்டுட்டேன்" என்றீர்கள். "காத்து தோளோட நிக்குமா, காது வழியா வந்து விசில் அடிக்குமா மதினி?" என்றேன். அதன்பிறகு நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நேற்று அண்ணன் போளூரிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார். கையில் ரொட்டி, ஆரஞ்சு. தோள் வலிக்கிறது என்றேன். பல்லில்லாத வாயைத் திறந்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, அவ கதையவே என்கிட்ட திருப்பி விடுறியா?"

நான் சிரிக்கவில்லை. நர்ஸ் பெண் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல், பெரியகுளமோ கன்னியாகுமரியோ சேர்க்காமல் சொன்னேன். என் ஆயுளில் நான் சொன்ன மிகச் சின்னக் கதை அதுதான். அண்ணன் ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றுவிட்டது.

"அப்ப அவளுக்கு நெசமாவே வலிச்சிருக்கு."

"ஆமாண்ணே."

"கிறுக்குப் பயலுகளா இருந்திருக்கோமேடா ரெண்டு பேரும்" என்றார். உரித்த ஆரஞ்சைத் தட்டில் வைத்தார். இருவரும் தொடவில்லை.

இன்று காலை வலி இறங்கிவிட்டது. ஒத்தடம் வேண்டாம் என்று சொன்னேன், மருமகள் கேட்காமல் வைக்கிறாள். இனி விசேஷ வீடுகளில் கதை கேட்டால் இதைத்தான் சொல்வேன், நீட்டாமல். சிரிப்பு வராவிட்டால் வராமல் போகட்டும்.

எனக்கு இரண்டு நாள் வலித்தது, மதினி. உங்களுக்கு எத்தனை நாள்? ஒரு வீடு நிறைய ஆட்கள் இருந்தோம். இதை ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை.