ஆச்சா மரத்தில் மாட்டிய கொடுவாள்கள்

என் அக்காவுக்கு, நீ இப்போது எந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறாயோ அந்த நிழலுக்கு,

வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குத் துக்கம்தான் காரணம் என்று சொன்னால் நீயே சிரிப்பாய். சோம்பல்தான். இப்போது என்னை எழுத உட்கார வைத்தது அருவருப்பு. பாப்பாரப்பட்டி சந்தைத் திடலில் கூடாரம் அடித்திருக்கும் டூரிங் டாக்கீஸில் உன் காட்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து நாக்கில் ஒரு கசப்பு. எதைத் தின்றாலும் போகமாட்டேன் என்கிறது.

உன் காட்டுக்குள் இப்போது கொடுவாளோடு போகிறார்கள், அக்கா. பச்சை மரத்தை வெட்டுகிறார்கள். அதற்குக் காரணம் நான். இதை ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். மச்சான் கோலார் தங்கவயலில் செத்த பிறகு, உன் மாமனார் வீட்டில் பாகம் பிரித்தபோது, கல்லும் முள்ளுமாய் இருந்த மலைச்சரிவை உன் தலையில் கட்டினார்கள். கூடவே கீழே ஒரு துண்டுக் கொல்லை. சரிவை அழித்துக் கேழ்வரகு போடச் சொல்லி எல்லோரும் புத்தி சொன்னார்கள், நான் உட்பட. "எனக்குக் கீழ இருக்கற கொல்லையே போதும்டா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாய். உனக்குப் பைத்தியம் என்று நானே சந்தையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அது பாட்டுக்குக் கிடந்ததில் உசிலை வளர்ந்தது, வெப்பாலை வளர்ந்தது, மயில் வந்தது. ஊர்ப் பெண்கள் சுள்ளி பொறுக்க வந்தார்கள், தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு இலை உருவ வந்தார்கள், கிழங்கு தோண்ட வந்தார்கள். நீ யாரையும் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: நுழைகிற இடத்தில் நிற்கும் ஆச்சா மரத்தின் தாழ்ந்த கிளையில் கொடுவாளை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "கையில ஒடியறதை எடுத்துக்க. கொடுவா இங்கயே இருக்கட்டும்." அவ்வளவுதான். காவலுக்கு ஆள் கிடையாது, வேலி கிடையாது. காலையில் கொடுவாளின் வளைந்த மூக்கைக் கிளையில் கொக்கியாக மாட்டிவிட்டுப் போவார்கள். உச்சி வெயிலுக்குத் திரும்பி, அவரவர் கொடுவாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு நாளாவது ஒன்று மாறிப்போனதாக நான் கேட்டதில்லை.

யுத்தம் வந்தது, பெட்ரோல் போயிற்று, பஸ்களெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்தன. கரி கான்ட்ராக்டர் சுற்றுப்பட்ட கரட்டுக் குன்றுகளையெல்லாம் மொட்டையடித்து, மரத்தை எரித்துக் கரியாக்க மூட்டம் போட்டான். உன்னிடமும் வந்தான், வண்டி நிறையக் கோடாலியும் ஆட்களுமாக. நீ என்ன சொன்னாய் என்று ஊரே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. "வாங்க, தாராளமா உள்ள போங்க. கோடாலியெல்லாம் இந்த மரத்துல மாட்டிட்டுப் போங்க." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நீ போன பிறகு அவன் கோடாலியோடு வரவில்லை. கேமராவோடு வந்தான்.

மாசி மாதம். மெட்ராஸிலிருந்து மூன்று பேர் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, கான்ட்ராக்டரின் கரி காரில் வந்தார்கள். பெரிய படத்துக்கு முன்னால் கட்டாயமாக ஓட்டுகிறார்களே, அந்தத் துண்டுப்படம் எடுக்கிறவர்கள். அவர்களில் தலைவர் அரை டிராயரும் தொப்பியுமாக, மிகவும் மரியாதையாகப் பேசினார். சர்க்கார் உதவி இல்லாமல் சொந்த முயற்சியில் காட்டைக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றிய படம் என்றார். வேறு யாரைப் பற்றி இருக்க முடியும்? கோலாரிலிருந்து ஆச்சா மரம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். என்னை யாரும் அதுவரை 'சார்' என்று கூப்பிட்டதில்லை, அக்கா.

கிளையில் அன்றைக்கு நாலைந்து கொடுவாள்தான் தொங்கின. "இன்னும் நிறைய இருந்தால் படத்தில் நன்றாக விழும் சார்" என்றார். நான் ஓடினேன். வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினேன். முனியம்மாவை உனக்குத் தெரியும், உன் காட்டுச் சுள்ளியிலேயே சமைத்து மகளைக் கட்டிக்கொடுத்தவள். "எதுக்குத் தம்பி?" என்றாள். "அக்கா பேரு சினிமாவுல வரப்போவுது" என்றேன். முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். பித்தளைப் பூண் போட்ட உன் கொடுவாளையும் எடுத்து வந்து நடுவில் மாட்டினேன்.

கான்ட்ராக்டர் ஜரிகைத் தலைப்பாகையோடு வந்து மரத்தடியில் நின்றான். சும்மா பக்கத்தில் நிற்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பெண்களைச் சுள்ளிக் கட்டோடு நடக்கச் சொன்னார்கள். கண் கூசும், தலையைக் குனிந்துகொண்டு நடங்கள் என்றார்கள். அப்புறம் உன் உசிலை மரத்தில் நாலு கிளையை வெட்டி, மொட்டைத் தரையில் வரிசையாக நட்டார்கள். வேர் கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் கிளை. அதற்குக் கான்ட்ராக்டர் தண்ணீர் ஊற்றினான். "இது என்னங்க?" என்று கேட்டேன். "படத்துக்குத்தான் சார்" என்றார் தொப்பிக்காரர்.

அந்தத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுத்தது நான். ஏன் கொடுத்தேன்? 'சார்' என்றதற்கா?

இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கிறது, நாலு நாளில் அனுப்பிவிடுகிறோம் என்று கொடுவாள்களை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. வரவில்லை.

வைகாசியில் படம் வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனோம். முனியம்மா புதுச் சீலை கட்டியிருந்தாள். வெளிச்சம் விழுந்தது, உன் ஆச்சா மரம் வந்தது, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் குரல் வந்தது. "இதோ பாரீர்! தன் சொந்த முயற்சியினால் வனத்தை ரக்ஷிக்கும் பெருந்தகை!" திரையில் கான்ட்ராக்டரின் தலைப்பாகை. "இதோ, விறகு திருட வந்த பேதைகளிடமிருந்து அவர் பறிமுதல் செய்த ஆயுதங்கள்!" கிளை நிறையக் கொடுவாள். அடுத்து, தலை குனிந்து நடக்கும் பெண்கள். முனியம்மாவின் முகம் திரை அகலத்துக்கு வந்து நின்றது.

உன் பெயரை அவர்கள் மறந்துகூடப் போகவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்களே! தெரிந்தே விட்டுவிட்டார்கள்.

கொட்டகை கைதட்டியது. திரையில் எது வந்தாலும் தட்டுவார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் எழுந்து, "பொய்! அது எங்கக்கா காடு! அது திருட்டுக் கொடுவா இல்ல!" என்று கத்தினேன். என் நிழல் போய்க் கான்ட்ராக்டரின் தொப்பைமேல் விழுந்தது. "யோவ், தலை மறைக்குது, உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து பீடித் துண்டு வந்து விழுந்தது. யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அதற்குள் துண்டுப்படம் முடிந்து பெரிய படத்தின் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

முனியம்மா மகளை வாழக் கொடுத்தது பாப்பாரப்பட்டியில்தான். மறுநாளே மாமியார்க்காரி தெருக்குழாயடியில் வைத்துக் கேட்டிருக்கிறாள், உங்கம்மா விறகு திருடியாமே என்று. முனியம்மா நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"என் கொடுவாளை நான் யார்கிட்ட குடுத்தேன் தம்பி?"

"என்கிட்ட."

"அந்தக் கான்ட்ராக்டரு புடுங்கினானா?"

"இல்ல."

"அப்ப சினிமாவுல ஏன் அப்படிச் சொல்றான்? நீ என்னா சொல்லிக் குடுத்த?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

பட்டறையில் புதுக் கொடுவாள் அடித்து வாங்கிக்கொண்டாள். இடுப்பில் செருகிக்கொண்டே உள்ளே போனாள். ஆச்சா மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வழியில் நின்றேன். "திருடின்னு பேரு வச்சாச்சு. இனிமே அந்தத் திருட்டு வேலைய மட்டும் எதுக்கு வுடணும்?" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் மாட்டுவதை விட்டார்கள். போன வாரம், உன் கொல்லைக்கு மேலே நிற்குமே பெரிய உசிலை, அது அடியோடு போய்விட்டது. அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரமாக இருந்தது.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் சூடு வந்தது. தர்மபுரியில் கான்ட்ராக்டர் பங்களாவுக்குப் போனேன். முன்கூடத்துச் சுவரில் மயில் தோகை விரித்த மாதிரி நம்மூர்க் கொடுவாள்களை அடுக்கி மாட்டி வைத்திருக்கிறான், அக்கா! நடுவில் அவன் படம், அதற்கு மாலை வேறு. யாரோ உத்தியோகஸ்தர்கள் காப்பி குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டேன். "அதெல்லாம் இப்ப சினிமாவுல வந்த சாமானுங்க. இங்கயே இருக்கட்டும். ஊருக்கே புதுசா வாங்கித் தந்துடறேன்" என்றான், சிரித்துக்கொண்டே. தூ என்று இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக எடுத்துக் கோணிப்பையில் போட்டேன். யாரும் கிட்டே வரவில்லை. கையில் கொடுவாள் வைத்திருக்கிறவனிடம் யார் வருவார்கள்?

கரி பஸ்ஸில்தான் திரும்பினேன். "என்னா மூட்டை?" என்றான் கண்டக்டர். "கொடுவா." என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தான். மேட்டில் பஸ் மூச்சு முட்டி நின்றது. எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். நம் கரடுகளைத் தின்று ஓடுகிற அந்தச் சனியனை நானும் தோள் கொடுத்துத் தள்ளினேன். வேறு எப்படி வீடு வந்து சேர்வது?

எப்படி வாங்கினேனோ அப்படியே வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, குடம் தூக்கியதையும் சேர்த்துச் சொன்னேன். சிலர் காறித் துப்பினார்கள். முனியம்மா தன்னுடையதை வாங்கிப் பெருவிரலால் கூர் பார்த்தாள். "எண்ணெ பூசி வச்சிருக்கான் பாரு, சாமி சிலைக்குப் பூசற மாதிரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை ஆச்சா மரத்தில் உன் கொடுவாள் மட்டும்தான் தொங்கியது. அதுவும் நான் மாட்டியது.

நேற்றுக் கான்ஸ்டபிள் வந்தார். பங்களாவில் புகுந்து திருடியதாக என்மேல் புகார். நாளைக் காலையில் பென்னாகரம் ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். சொந்த ஊர்க் கொடுவாளைத் திருடியவன் என்று உள்ளே தள்ளிவிட்டால் உன் சரிவை யார் பார்ப்பார்கள்? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இன்று சாயங்காலம் முனியம்மா வந்தாள்.

"ஸ்டேசன்ல என்னா கேப்பாங்க?"

"கொடுவா யாருதுன்னு கேப்பாங்க."

"என்துன்னு நான்தானே சொல்லணும். வூட்டுக்கு ஒருத்தரா நாங்களும் வர்றோம்."

அவள் இடுப்பில் கொடுவாள் செருகியிருந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஸ்டேசனுக்குள்ள கொடுவாளோட வுடமாட்டாங்க அக்கா."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, அப்படின்னா போற வழியில உங்கக்கா மரத்துல மாட்டிட்டு வந்துடறோம்" என்றாள்.

நாளைக்கு ஸ்டேஷனில் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், அக்கா. உன் பெயரை முதலில் சொல்கிறேன், நான் தூக்கிய குடத்தைக் கடைசியில் சொல்கிறேன். எப்போது விட்டாலும் நேரே ஆச்சா மரத்துக்குத்தான் வருவேன்.

உன் கூடப் பிறந்த திருடன்