சிங்கத்தின் வாயில் ஒரு கை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாகப் போனை எடுக்காதவளிடம் வேறு எப்படிக் கேட்பது? அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் நாலு வரி படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நான் பார்க்கும்போது படியில் முனகிக்கொண்டே ஏறுகிறார், பார்க்காதபோது விடுவிடுவென்று ஏறுகிறார். அச்சகத்தில் மெஷினுக்குப் புது உருளை மாட்டியாயிற்று. இப்போது அது என்னைவிடக் குறைவாகத்தான் சத்தம் போடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வரைந்த, குறி பார்க்கும் டாரட் சீட்டுக் கட்டில் எழுபத்தேழு சீட்டுகள் உன் கையெழுத்தோடு தயாராக இருக்கின்றன. 'வலிமை' என்ற ஒரு சீட்டு மட்டும் பாக்கி. சோதனைக்கு அடித்த புரூஃப் தாளில் ஓவியர் கையெழுத்துப் போடாமல் மெஷின் ஓடாது. பதிப்பாளர் நேற்று வந்தார். "மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து வரலைன்னா வேற ஆளை வெச்சு மொத்தக் கட்டையும் புதுசா வரைஞ்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் மூன்று வருஷ உழைப்பு என் முட்டாள்தனத்தால் குப்பைக்குப் போவதை என்னால் தாங்க முடியாது.

நான் செய்ததை நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டு முதலில் மேஜைக்கு வந்தபோது, வெள்ளை உடுத்திய பெண் ஒருத்தி சிங்கத்தின் வாயில் கை வைத்திருப்பதைப் பார்த்து அச்சகமே சிரித்தது. "அக்கா, சிங்கம் நீங்கதான். தங்கச்சி உங்களை அடக்குறாங்க" என்றார் பைண்டிங்காரர். என் வாய் ஊரறிந்தது, நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. வளர்த்தவளை மிருகமாக வரைந்துவிட்டாளே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சிங்கத்தை மட்டும்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

லென்ஸ் வைத்து நிறம் பார்த்தபோது, அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் நுனி மடங்கியிருந்தது. எங்கள் தொழில் புத்தி உனக்குத் தெரியும். தூசிப் புள்ளி, கீறல் எது கண்ணில் பட்டாலும் யாரையும் கேட்காமல் துடைத்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவோம். இதையும் அப்படியொரு பிசகு என்று நினைத்து, கம்ப்யூட்டர்காரரிடம் சொல்லி விரலை நேராக்கினேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்ற பெருமை வேறு. நீ வந்து புரூஃபைப் பார்த்தாய். "என் படத்துல கை வைக்க நீ யாரு?" என்று கேட்டாய். நான் சும்மா இருந்தேனா? "உன்னை ஆளாக்கினவ!" என்று கத்தினேன். அன்று மாலையே நீ பஸ் ஏறிவிட்டாய்.

போன வாரம் உன் அசல் ஓவியத்தை உறையில் போட்டு வைப்பதற்காக ஜன்னல் ஓரம் எடுத்துப்போனேன். இடது கையால் அதன் விளிம்பைப் பிடித்தேன். என் விரலும் அவள் விரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதே மடிப்பு. நகத்துக்குக் கீழே இருக்கும் பிறைத் தழும்பைக்கூட விடாமல் போட்டிருக்கிறாய். தினமும் பார்க்கிற விரலை யார்தான் பார்க்கிறார்கள்? அங்கேயே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா போனபோது உனக்கு ஐந்து வயசு, எனக்குப் பத்தொன்பது. அப்போதுதான் அச்சகத்தில் சேர்ந்திருந்தேன். நாலு மாதம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்டே வந்தவர்களையெல்லாம் கடித்தாய். ஒரு நாள் சாப்பாடு ஊட்டும்போது என் விரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. இழுத்தால் பயந்துவிடுவாய் என்று தோன்றியது, இழுக்காமல் இருந்தேன். கடைசியில் நீயே விட்டாய். அழுதபடியே என் மடியில் தூங்கிப்போனாய். விரல் சீழ் வைத்து, ஆறி, அப்படியே மடங்கி நின்றுவிட்டது. மெஷினில் மாட்டிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னேன், பிறகு உன்னிடமும் அதையே சொன்னேன். நீ மறந்திருப்பாய் என்று இருபத்தாறு வருஷமாக நிம்மதியாக இருந்தேன். நீ மறக்கவே இல்லை. அதைத்தான் வரைந்து கொடுத்தாய், நான் அழித்துவிட்டேன்.

இப்போது அந்தச் சீட்டை முதலிலிருந்து பார்க்கிறேன். கட்டோடு வரும் சின்னப் புத்தகத்தையும் படித்தேன். அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் படுக்கவைத்த எட்டு, முடிவில்லாததற்கு அடையாளமாம். வெள்ளை உடை தூய மனசாம். அந்த உடையின் ஓரத்தில் ஓர் இங்க் கறை போட்டிருக்கிறாயே திருடி, அதை எப்படித் துடைக்காமல் விட்டேனோ! அவள் இடுப்பில் தொடங்கும் பூச்சரம் சிங்கத்தின் கழுத்தைச் சுற்றிப் போகிறது. சங்கிலி இல்லை, வெறும் பூ. நினைத்தால் ஒரு நொடியில் அறுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் சிங்கம் ஓடவில்லை. அதன் வால் கால்களுக்கு நடுவே ஒடுங்கியிருக்கிறது. கண்ணில் கோபமே இல்லை, பயம்தான் இருக்கிறது. ஐந்து வயசுப் பயத்தை ஒரு சிங்கத்தின் கண்ணில் வைக்க யாருக்கடி வரும்? எத்தனை ஆயிரம் படங்கள் என் கைவழியே போயிருக்கின்றன, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

விரலைப் பழையபடி மடக்கச் சொன்னேன். "நேராக்குங்கறீங்க, மடக்குங்கறீங்க, என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கம்ப்யூட்டர்காரர் முணுமுணுத்தார். முதல்முறையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் குடித்தார். புதுப் புரூஃபை இதோடு வைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் கையெழுத்துப் போடு, பிடிக்காவிட்டால் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்பு. இனி உன் படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டேன்.

அந்தப் பெண் சிங்கத்தின் வாயை மூடுகிறாளா, திறக்கிறாளா என்பதில் சீட்டுப் பார்ப்பவர்களுக்கே இரண்டு கருத்து உண்டாம். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கைக்குச் சொந்தக்காரி சொல்கிறேன், மூடவில்லையடி. ஒரு வார்த்தையாவது வந்துவிடாதா என்றும்தான் அன்றைக்கு விரலை உள்ளேயே விட்டுவைத்திருந்தேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் போனை எடு. வாய் நிறையத் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். அப்போது நாலு மாதம் பொறுத்தேன். இப்போது வயசாகிவிட்டது, இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

உன் குரலுக்காக,
அக்கா