பாதி மாத்திரை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதினால் உன் அம்மா எட்டிப் பார்த்துச் சிரிப்பாள், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆறு மாதமாக எதிலும் ஒட்டாமல், ஆணியில் மாட்டிய துண்டு மாதிரி கடையில் நின்றவன் கடைசியில் டாக்டரிடம் போனேன். "ஊர்த் தலையெல்லாம் பாக்குறீங்க, உங்க தலைய எப்போ பாக்கப்போறீங்க?" என்று இழுத்துப் போனது அம்மாதான். மனச்சோர்வாம். அவர் கொடுத்த மாத்திரை மற்றவை மாதிரி தூக்கத்தில் தள்ளாதாம், ஆளைக் கிளப்பிவிடுமாம். கிளப்பியது உண்மை. விடியுமுன்னே எழுந்து, துவைத்த துண்டையே மறுபடி துவைக்கிறேன். வாய் வேறு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. முடி வெட்டுகிறவன் பேசாவிட்டால் கடைக்கு யார் வருவார்கள்?

கை மட்டும் லேசாக நடுங்குகிறது. நேற்று எதிர்க்கடைத் தையல்காரர் தாடையில் சின்னக் கீறல். "இத்தன வருஷப் பழக்கத்துக்கு முத்திரையா?" என்றார். சிரித்தேன். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ பயப்படாதே. முழுசாக விழுங்கத் தைரியம் வராமல், புது பிளேடால் சரிபாதியாக வெட்டி, காலையில் பாதி, மத்தியானம் பாதி போடுகிறேன். தூள்கூடச் சிந்தாது. தொழில் சுத்தம்!

அப்பா

மார்ச் 13

அப்பா,

கடிதம் இன்றுதான் வந்தது. உடனே போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் ஏதாவது சொல்லி மழுப்புவீர்கள் என்றுதான் எழுத்திலும் அனுப்புகிறேன்.

அந்த மாத்திரையை வெட்டவே கூடாது. அம்மாவிடம் மாத்திரையின் பெயரை வாங்கி, இங்கே மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியதாம். வெட்டினால் ஒரேயடியாக உடம்பில் இறங்குமாம். வலிப்பே வரலாம் என்றார். கையில் சவரக்கத்தியோடு நீங்கள் விழுவதுபோலவே கண்ணில் நிற்கிறது. எனக்கு எழுதியதையெல்லாம் டாக்டரிடம் சொன்னீர்களா?

உங்கள் கிண்டல் எனக்குப் பிடிக்கும்ப்பா. ஆனால் சுவரைப் பிடித்து நின்ற வரியை நாலு தடவை படித்தேன். கத்தியைத் தொடாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 24

அன்பு மகளுக்கு,

உன் போன் வந்ததுமே அம்மா வீட்டிலிருந்த பிளேடையெல்லாம் ஒளித்துவிட்டாள். டாக்டரிடம் தாடியோடுதான் போனேன். "பிளேடாலயா வெட்டினீங்க?" என்றார். "புது பிளேடு சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, காலையில் ஒன்று, முழுசாக விழுங்கச் சொன்னார். கை அடங்கும்வரை சவரம் கூடாதாம்.

சவரம் இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே. மூன்று நாள் கடையே திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்ததும் தையல்காரர் வந்து உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் காட்டினார்.

"இல்லண்ணே. மனசு சரியில்லன்னு மாத்திரை சாப்பிடறேன். கை நடுங்குது."

வெளியாள் ஒருவரிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

"தாடி எங்க ஓடிடப்போகுது? முடிய வெட்டுப்பா."

கத்தரி அவ்வளவாக நடுங்கவில்லை. பிடரிக்கு வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை. அவர் கழுத்தில் இரண்டு சொட்டு விழுந்தது.

"தண்ணி தெளிச்சது போதும்பா, நனையுது" என்றார்.

அப்பா