கிளிப்பச்சையில் ஒரே வரி

பிப்ரவரி 3
புது மை வாங்கினேன். கிளிப்பச்சை. "அக்கா, இது பளிச்சுனு கண்ணுல அடிக்கும், எழுத்து வேலைக்கு ஆகாது" என்றார் கடைக்காரர். அடிக்கட்டும் என்றுதானே வாங்குகிறேன்.
பேனாவை மூன்று முறை கழுவி நிரப்பினேன். மளிகைப் பொட்டலத் தாளில் ஊறிப் பரவுகிறது. கோடு போட்ட நோட்டில் பின்பக்கம் தெரிகிறது. மகளின் படம் வரையும் தாளில் நன்றாக நிற்கிறது. காய்வதற்குள் எண்பது வரை எண்ணிவிட்டேன். எழுத்தின் ஓரம் கொஞ்சம் கருத்து, நடுவில் தளிர் மாதிரி. அழகுதான்.
வீட்டுக்காரர் என் விரலைப் பார்த்து, "என்ன, புல்லு மேஞ்சியா?" என்றார். கீரை ஆய்ந்தேன் என்றேன். சின்னப் பொய். சாமி மன்னிக்கட்டும்.

பிப்ரவரி 4
மறுபடி எழுதிப் பார்த்தேன். சுழிப்பு இன்னும் சரியாக விழவில்லை.

பிப்ரவரி 6
நாத்தனார் வந்தாள். அவள் மகளுக்கு இடம் குதிர்ந்துவிட்டதாம். "எல்லாத்துக்கும் நேரம் வரணும் அண்ணி. உங்க பொண்ணுக்கும் அமையும்" என்கிறாள். அமைந்ததைக் கெடுத்தவளே!
போன வருடம் என் மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போன மொட்டைக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. பையனின் அம்மா என் மேல் விட்டெறிந்துவிட்டுப் போனது. 'பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைக்கிறார்கள்.' ஒரே வரி. சுத்தப் பொய். நாத்தனார் கையெழுத்து. எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட வாசலே மிதிக்காத நான், அவள் எழுதிவைத்த சமையல் குறிப்புகளைப் பார்த்து எழுதித்தானே எழுத்துப் படித்தேன்!
அவரிடம் சொல்லியிருக்கலாம். "உன் எழுத்தும் அச்சு அசல் அப்படித்தானே இருக்கு" என்பார். அதனால்தான் ஒரு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு — எத்தனை நாள்தான் பொறுக்கிறது?

பிப்ரவரி 7
பிரார்த்தனை முடித்துவிட்டு எழுதினேன். அவள் வரி, அவள் சுழிப்பு. அவள் முகவரிக்கே தபாலில் போட்டேன். எழுதியவளுக்கே திருப்பி அனுப்பினால் பொய்யாகுமா? ஆகாது. கறுப்பில் போனால் கிழித்துப் போட்டு மறந்துவிடுவாள். இது கண்ணை மூடினாலும் தெரியும்.

பிப்ரவரி 11
வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணி, என் கையெழுத்து மாதிரியே இருக்கு. சத்தியமா நான் எழுதல!"
"உன் கையெழுத்துன்னா நீதானே எழுதியிருப்பே?"
தண்ணீர் கொடுத்தேன். பாதியை மடியில் கொட்டிக்கொண்டாள். பார்க்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12
வெகுநாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 19
நாத்தனார் மகள் பையோடு வந்து நின்றாள்.
"அந்தக் கடிதம் மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிடும்னு பயந்து, அம்மா தானே போய் எல்லாத்தையும் கொட்டிட்டாங்க அத்தை. போன வருஷம் செஞ்சதையும் சேர்த்து. 'சொந்த அண்ணன் பொண்ணுக்கே குழி பறிச்சவ வீட்டுல சம்பந்தமா?'ன்னு அவங்க வேண்டாம்னுட்டாங்க. இனி அம்மா மூஞ்சியில முழிக்க மாட்டேன். உங்களுக்குப் போய் இப்படிச் செஞ்சிருக்காங்களே... நான் இங்கயே இருக்கட்டுமா?"
என் மகள், "இதென்னடி கேள்வி" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.
நாத்தனார் மட்டும் துடித்தால் போதும் என்றுதான் — இந்தப் பெண்ணை நான் ஒரு நிமிடமாவது நினைத்தேனா?
சாயங்காலம் மகள், "கும்பிட வரலையாம்மா?" என்று கூப்பிட்டாள். தலைவலி என்றேன். இரண்டு பேரும் பாடுவது சமையலறை வரைக்கும் கேட்கிறது.