ஒரு கட்டம் மட்டும் காலி

பெங்களூர், மர்பி டவுன்

அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீஸில் ஊழியர் விவரங்களை வைத்துக்கொள்ள இரண்டு சாஃப்ட்வேர்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றதிலும் இருக்கிறது, குழம்பிவிட்டேன். கடைசியில் என் விவரங்களையே பதிந்து பார்த்தேன். முதலாவது உடனே ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, அவசரத்துக்கு அழைக்க பெங்களூரில் ஒருவர் பெயர் கேட்டது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன், மேலே நகரவே இல்லை. அதைக் குறை என்று எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் குளோரியா மேடம் சிரித்தார். "இது ஒரு குறையாம்மா? யாராவது இருப்பாங்கல்ல, அவங்க பேரப் போடு."

குறை அதிலா, என்னிடமா என்று இன்னும் புரியவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிகிறது. நீங்கள் அரைக்கும் பருப்புப்பொடியை இந்த முறை கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்து, அவள் பெயரைக் கேட்க வேண்டும்.

உங்கள்
கிருத்திகா